ஸ்டெம் பயிற்சிக் குறிப்புகள்: கோப்பையும் கணக்கும்

ஜூன் 9, திங்கள்

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் இணைத்துக் கற்பிப்பதுதான் ஸ்டெம் (STEM). உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான ஸ்டெம் பயிற்சி இன்று தொடங்கியது. ஸ்டெம் வகுப்பில் என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். ரோபோ கிட், கோடிங், கண்காட்சி மாடல் என்றே பெரும்பாலும் வந்தது. அறிவியல் ஆசிரியர்கள் 'செய்முறை' என்று எழுதியிருந்தார்கள், பாதி சரி. கணித ஆசிரியர் ஒருவர் வெற்றுத்தாளைத் தந்தார். "இது சயின்ஸ்காரங்க சமாச்சாரம் சார், என்னை எதுக்குப் போட்டாங்கன்னே தெரியல." நான்கு துறைகளில் ஒன்றைக் கற்பிப்பவருக்கே இதில் இடமில்லை என்று தோன்றியிருப்பது மனதை உறுத்துகிறது.

ஜூன் 11, புதன்

குழுவுக்கு ஒரு கோப்பை, அதில் 80 டிகிரி வெந்நீர் 200 மி.லி. இருபது நிமிடம் சூடு இறங்காமல் காக்க வேண்டும். மேசையில் இருந்தவை பஞ்சு, செய்தித்தாள், அலுமினியத் தாள், அட்டை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போட வேண்டும்.

கோப்பையைச் சுற்றிப் பஞ்சை அடர்த்தியாகக் கட்டிய குழு, வெல்வது தாங்கள்தான் என்று நம்பியது. ஆனால் ஒற்றைச் செய்தித்தாள் சுற்றி, மேலே அட்டையை வைத்து மூடிய குழுவின் நீர்தான் அதிகச் சூட்டோடு இருந்தது. பஞ்சு சரியில்லை, வெப்பமானி சரியில்லை என்று வாக்குவாதம். பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை, "மேல திறந்திருக்கே, ஆவியா போகுதே" என்றார். 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,300 ஜூல் வேண்டும். அந்த வெப்பம் கோப்பை நீரிலிருந்தே போனால், 200 கிராம் நீர் சுமார் 2.7 டிகிரி குளிர்ந்துவிடும். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியவர் அந்தக் கணித ஆசிரியர்தான்! கோடு முதலில் செங்குத்தாக இறங்கிப் பிறகு ஏன் படுக்கிறது என்று கேட்டவரும் அவரே. அறை வெப்பத்துக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய இறக்கமும் மட்டுப்படும் என்பதை இயற்பியல் ஆசிரியர் விளக்கினார். இருவரும் தேநீர் இடைவேளைக்குக்கூட எழுந்து வரவில்லை.

பிற்பகல் எல்லோரும் மூடி போட்டு மறுபடி அளந்தார்கள். ஏன் மாற்றினோம் என்று எழுதிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

ஜூன் 16, திங்கள்

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012-இல் வெளியிட்ட பள்ளி அறிவியல் சட்டகத்தில் 8 நடைமுறைகள் உண்டு. அறிவியல் கேள்வி கேட்கிறது, பொறியியல் சிக்கலை வரையறுக்கிறது. முன்னது விளக்கத்தைக் கட்டுகிறது, பின்னது தீர்வை வடிவமைக்கிறது என்று அது பிரித்துக் காட்டும். வெந்நீர்ப் பணியில் எது எங்கே வந்தது என்று கேட்டதும் விவாதம் சூடுபிடித்தது. 'பொறியியல்' என்றால் செய்து முடித்த பொருள் என்றே பலர் நினைத்திருந்தார்கள். நிபந்தனைக்குள் செய்து, சோதித்து, காரணத்தோடு திருத்துவதுதான் அது.

ஜூன் 20, வெள்ளி

பாடத்திட்டம் எழுதும் நாள். "போர்ஷன் எப்ப சார் முடிக்கிறது?" நியாயமான கேள்வி. வெப்பம், ஆவியாதல், வரைபடம் எல்லாமே பாடநூலில் இருப்பவைதான். தனி வேலையாகச் செய்தால்தான் நேரம் போதாது. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட வாரம் ஒரு பாடவேளையாவது வேண்டும், அதைத் தலைமையாசிரியர்தான் ஒதுக்க முடியும். கோரிக்கைக் கடிதத்தை இங்கேயே எழுதினோம். மதிப்பெண்ணில் பாதி, முதல் வடிவமைப்புக்கும் இரண்டாவதற்கும் இடையிலான மாற்றத்தை மாணவர் தன் அளவீட்டைக் காட்டி விளக்குவதற்கு. அழகாகச் செய்ததற்கு மதிப்பெண் வேண்டாம் என்று கணித ஆசிரியர் ஒற்றைக்காலில் நின்றார். நானும் அவர் பக்கம்தான்.