சோடா போடாமலே ‘போட்டாச்சு’ காட்டிய டேப்லெட்

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் புரொடக்‌ஷன் பொறுப்பு என்னுடையது. ஜாப் கார்டு காகிதத்தில் இருந்தவரை ஆவியில் நனைந்து, எழுத்து கலைந்து, எந்த லாட்டுக்கு (ஒரு தடவையில் சாயம் போடுகிற துணி) என்ன போட்டோம் என்று தேடுவதே தனி வேலையாக இருந்தது. அதனால் போன வருடம் டேப்லெட்டுக்கு மாறினோம். கடையில் கிடைக்கிற சாதாரண ரகம், ஒன்று 17,000 ரூபாய் சுமார், மொத்தம் ஒன்பது. அடியும் தண்ணீரும் தாங்குகிற மாதிரி செய்த ரக்கட் டேப்லெட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை சொன்னார்கள். “இரண்டு உடைஞ்சு மூணாவது வாங்கினாக்கூட நமக்கு நட்டமில்லைங்க” என்று முதலாளியிடம் சொன்னது நான்தான்.

அந்தக் கணக்கு ஒரே ராத்திரியில் தப்பாகிவிட்டது.

நேவி ப்ளூ, 300 கிலோ லாட். பருத்திக்கு நாங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம். உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளும். அதற்குப் பிறகு சோடாப் பொடி கொடுத்தால்தான் சாயம் இழையோடு பிணையும். சோடா இல்லாவிட்டால் சாயம் துணியின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஷிஃப்ட் மாறுகிற நேரம். அடுத்து வந்த ஆபரேட்டர் டேப்லெட்டைப் பார்த்தார். ‘சோடா போட்டாச்சு’ என்று டிக் இருந்தது. 60 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டி, டிரெய்ன் செய்து, சோப்பு வாஷுக்குப் போனார். வாஷில் சாயம் முழுக்கக் கழன்று வந்துவிட்டது. துணி வெளுத்த ஆகாய நீலத்தில் நின்றது.

முதல் ஷிஃப்ட் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அண்ணா, நான் தொடவே இல்லைங்க. உப்பு கரைச்ச கை, தொடைச்சுட்டு வரலாம்னு போனேன், அதுக்குள்ள ஷிஃப்ட் மாறிடுச்சுங்க” என்றார். முதலில் நான் நம்பவில்லை. அப்புறம் அதே டேப்லெட்டை மேஜையில் சாய்த்து வைத்து, உப்புக் கரைசலைக் கையில் எடுத்துத் தெளித்தேன். ஒரு துளி மெதுவாகக் கீழே வழிந்தது. அது தொட்டுப்போன கட்டங்களில் இரண்டில் டிக் விழுந்தது. விரலில் இருக்கிற மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதிரை வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரும் நன்றாகக் கடத்தும். திரைக்கு அதுவும் ஒரு விரல்தான். அந்தத் தம்பியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

அந்த லாட்டை மறுபடி போட ஆன செலவு, விலை வித்தியாசத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சாயம், ஸ்டீம் மட்டுமல்ல. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே பட்டறைகள் மூடப்பட்டதை யாரும் மறக்கவில்லை. சாயத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. ஆர்ஓ, ஆவியாக்கி என்று எல்லாவற்றையும் தாண்டித் திரும்ப வர வேண்டும். ஒரு லாட்டை இரண்டு தடவை போட்டால் தண்ணீருக்கும் இரண்டு தடவை பணம்.

அடுத்து, பழுதானதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். பதினொரு மாதத்தில் ஆறு டேப்லெட் போயிருந்தது. கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது ஒன்றே ஒன்று! மூன்றில் சார்ஜ் ஏறும் ஓட்டை போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பொருக்கு. சோடாப் பொடியும் ஆவியும் சேர்ந்து பின்களை அரித்திருந்தன. இரண்டில் பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டது. இரண்டுமே நான் தடிமனான ரப்பர் கவர் போட்டு மெஷின் பக்கத்தில் மாட்டி, நாள் முழுக்க சார்ஜிலேயே விட்டவை. விழுந்தால் தாங்கட்டும் என்று போட்ட கவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. வாரண்டியில் ஆறுக்கும் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

அந்த நோட்டு இல்லாமல் கடைக்குப் போயிருந்தால் “எத்தனை அடி உயரத்திலிருந்து விழுந்தா தாங்கும்?” என்றுதான் கேட்டிருப்பேன். விற்க வருகிறவர்களும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு. சான்றிதழ் தருகிற அலுவலகம் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தச் சோதனையை, எந்த அளவில் செய்தோம் என்று தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சொல்லும் விழுகைச் சோதனை 4 அடி உயரம், 26 தடவை: 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. அந்த 26-ஐ ஐந்து கருவிகள் வரை பிரித்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. ஒரே டேப்லெட் 26 தடவையும் தாங்கியது என்று நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு முக்கியமாக இருந்தது ஐபி எண், அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எண். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி68 என்றால் தண்ணீருக்குள் முங்கினாலும் தாங்கும். ஆனால் பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் வேறு சோதனை, அது 5, 6-ல் வரும். 8 இருந்தால் 6-ம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாங்கள் தரையை ஹோஸ் வைத்துக் கழுவுகிறவர்கள். அதனால் ஐபி66, ஐபி68 இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்பவை. காஸ்டிக்கும் ஆவியும் அதில் கிடையாது. பல ரக்கட் டேப்லெட்டுகளில் ஓட்டையைக் காப்பது ஒரு சின்ன ரப்பர் மூடிதான். ராத்திரி ஷிஃப்டில் யாராவது அதைத் திறந்தபடி விட்டால் 68 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டெமோ கொண்டுவந்தவர்களை ஏசி ரூமில் உட்கார வைக்காமல் நேராக மெஷின் பக்கம் கூட்டிப்போனேன். ஆபரேட்டர் கையில் கொடுத்து, கிளவுஸோடு லாட் நம்பர் அடிக்கச் சொன்னேன். பிறகு அதே உப்புக் கரைசல். ஈரக் கைக்கென்று தனி செட்டிங் இருந்த ஒன்றிலும் துளி வழிந்தபோது ஒரு டிக் விழுந்தது. அங்கேதான் எனக்குத் தெளிவானது, இதில் பாதி வேலை ஆப்பில் செய்ய வேண்டியது. இப்போது சோடா, உப்பு, சாயம் எதற்கும் டிக் கிடையாது. எடை போட்ட வாளியில் ஒட்டிய பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் அடுத்த படி திறக்கும்.

கடைசியில் சாயத் தரைக்கு மட்டும் ஐந்து ரக்கட் வாங்கினோம். பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். சார்ஜ் ஸ்டாண்டில் வைத்தாலே பின்பக்க பின்களில் ஏறிவிடும், ஓட்டையின் மூடியைத் திறக்கவே வேண்டாம். விலையை ஒத்துக்கொண்டதே இந்த இரண்டுக்காகத்தான். லேபுக்கும் ஸ்டோருக்கும் மிச்சமிருந்த மூன்று சாதாரண டேப்லெட்டே போதும், அங்கே ஒரு குறையும் இல்லை. ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு விலை கொடுத்ததை இரண்டு வருடத்தில் மாற்ற முடியாது.

ஷிஃப்ட் முடிந்ததும் தம்பிகள் இப்போது டேப்லெட்டைக் குழாயில் காட்டிக் கழுவித் துடைத்து ஸ்டாண்டில் வைக்கிறார்கள். ஏழு மாதம் ஆகிறது, ஐந்தும் ஓடுகின்றன. அடுத்து, துணியை விரித்துச் சூட்டில் காயவைக்கிற ஸ்டென்டர் மெஷின் பக்கம் கேட்கிறார்கள். அங்கே தண்ணீர் கிடையாது, சூடும் பஞ்சுத் தூசும்தான். அதற்காக நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறேன்.