மண்பானைக்கு மரப் பிரிமணை கடைந்த அனுபவம்

மானாமதுரைப் பானைக்கு அடி உருண்டை. தரையில் நிற்காது. பானையைத் தாங்கும் வளையம்தான் பிரிமணை. வைக்கோல் பிரிமணை பானைத் தண்ணீரில் ஊறியே மக்கிப் போகிறது, இரும்பு வளையம் தரையில் துருக்கறை விடுகிறது. மதுரை வெயிலுக்குப் பானைத் தண்ணீரை விடவும் மனசில்லை. சரி, மரத்திலேயே கடைந்துவிடலாம் என்று மாடியில் இருக்கும் லேத்தில் (கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வேலையை ஆரம்பித்தேன்.

மரம் பூவரசு. ஈரம் தாங்கும், கடைசலுக்கும் நன்றாக வரும். மரவாடியில் கிடைத்தது பச்சைக் கட்டை. அதை ஒரேயடியாகக் கடைந்து முடிக்கக் கூடாது. மரம் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கேதான் அதிகம் சுருங்கும் என்பதால், காய்ந்ததும் வட்டம் கோணிவிடும். முதலில் தடிமனாகக் கடைந்து, செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அவ்வப்போது சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகுதான் மறுபடி கையில் எடுத்தேன்.

கட்டையின் அடியில் ஒரு பலகைத் துண்டை, நடுவில் காகிதம் வைத்துப் பசை போட்டு ஒட்டிக்கொண்டேன். லேத்தில் பிடிக்கப் போடும் திருகாணி எல்லாம் அந்தப் பலகையோடு சரி. வேலை முடிந்ததும் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் காகிதம் பிரிந்து வளையம் தனியாக வந்துவிடும்.

அளவு சொல்கிறேன்: உயரம் 5 செ.மீ., வெளி விட்டம் அடியில் 24, மேலே 20. அடி அகலமாக இருந்தால்தான் குழந்தைகள் இடித்தாலும் சாயாது. உள்ளே மேல் பாதி மட்டும் சரிவு, கீழ்ப் பாதி நேர் துளை. நேர் துளையில் பானையை வைத்தால் முழு எடையும் கூர் விளிம்பில் இறங்கும். சரிவாக இருந்தால் பானை தானாக நடுவுக்கு வந்து உட்காரும், கொஞ்சம் பெரிய பானையையும் ஏற்கும். சரிவின் கோணத்தைப் புத்தகத்தில் தேட வேண்டாம். பானையின் வயிற்றில் அட்டையை வைத்து வெட்டி, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு அகலக் கட்டைக்கு நிமிடத்துக்கு 500 சுற்றில் ஆரம்பிப்பது நல்லது. முகத்துக்குத் தடுப்பு கட்டாயம், தோளில் துண்டு கூடவே கூடாது. வெளிச் சரிவைச் சின்ன விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்குச் சீவ வேண்டும், உட்சரிவைப் பெரியதிலிருந்து சின்னதுக்கு. அப்படிப் போனால் நாருக்குப் பின்னால் மரத்தின் தாங்கல் இருக்கும். எதிர்த்துப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் நார் பிய்ந்து சொரசொரப்பாக நிற்கும், எத்தனை உப்புத்தாள் போட்டாலும் போகாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாக்பீஸ் வேலை. லேத்தை நிறுத்திவிட்டு, பானையின் அடியில் சாக்பீஸைத் தேய்த்து, வளையத்தில் வைத்து லேசாகத் திருப்பினேன். முதலில் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தால், கோடு அகன்று கீழே இறங்கியது. சரிவின் நடுவில் சுற்றிலும் வெள்ளை படிந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆளிவிதை எண்ணெய் பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. துளையின் உள்பக்கத்தையும் அடியையும் விடக் கூடாது, தண்ணீர் அங்கேதான் ஏறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.