ஐப்பசியில் வெட்டிய அத்திவாரம்

மாங்குளத்திற்குக் கிழக்கே ஒரு பாடசாலைக்கு இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் அமைத்த வேலையில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். வேலையைக் குழப்பக்கூடியவற்றைப் பட்டியலிடும் இடர்ப் பதிவேட்டில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. அவற்றுள் 'மழை' என்ற வரிக்கு எதிரே 'நடுத்தர வாய்ப்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நானே. வன்னியில் மாரி வருமா என்று எவரும் கேட்பதில்லை; அது வருவதற்குள் கட்டடம் நிலமட்டத்தைத் தாண்டிவிடுமா என்றுதான் கேட்பார்கள்.

இடர் முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 31000 இடரைக் குறிக்கோள்களின் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு என்று வரையறுக்கிறது. அப்படிப் பார்த்தால் நிச்சயமாக வரும் வடகீழ்ப் பருவமழை வன்னியில் இடரே ஆகாது. வேலை எப்போது தொடங்கும் என்பதே உண்மையான நிச்சயமின்மை, ஆனால் எங்கள் பதிவேட்டில் அதற்கென ஒரு வரிகூட இருக்கவில்லை.

அரச நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. அதற்குள் செலவிடாத ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். நிதி அனுமதியும் கேள்விப்பத்திர மதிப்பீடும் ஆண்டின் நடுப்பகுதியை விழுங்கிவிட, எங்கள் ஒப்பந்தம் ஆவணி முடிவில்தான் கைச்சாத்தாகி, புரட்டாசியில் காணி கையளிக்கப்பட்டு, ஐப்பசியில் குழி வெட்டத் தொடங்கினோம். இரண்டாம் வாரத்தில் குழிகள் கேணிகளாயின. நீரை இறைத்து முடிக்கையில் பக்கச்சுவர்கள் சரிந்திருந்தன. அடியில் ஊறிய சேற்றை வழித்தெடுத்து, அத்திவாரத்துக்கு அடியில் இடும் மட்டக் கொங்கிறீற்றை மறுபடியும் போட வேண்டியதாயிற்று. அதே நாட்களில் வேலையாட்களில் பாதிப்பேர் காலபோக விதைப்புக்குத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டனர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; எங்கள் வேலை அட்டவணைதான் வயலை மறந்திருந்தது.

ஒப்பந்தகாரர் கால நீடிப்புக் கேட்டார். நிபந்தனைகளின்படி வழக்கத்திற்கு மாறான மோசமான காலநிலைக்கே நீடிப்பு உண்டு. கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த 2018 டிசம்பர் வெள்ளத்தை அவ்வாறு சொல்லலாம். சாதாரண ஐப்பசி மழையைச் சொல்ல முடியாது. தாமதத்திற்கான நட்டஈடு அவருடைய கட்டணப் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டது. ஆயினும், வேலையைப் பிந்திக் கையளித்த தரப்பினது தாமதத்தின் விலையை அவர் சுமப்பது எந்த வகையில் நியாயம் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். அவரும் சும்மா இருக்கவில்லை; அடுத்த கேள்விப்பத்திரத்தில் விலையைக் கூட்டிக் கேட்டார்.

விலையேற்றம் வேறு வகையானது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, டொலர் இருநூறிலிருந்து மே மாதத்திற்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, பொருள் விலை ஏறினால் கொடுப்பனவையும் கூட்டித் தரும் விலை மாற்றச் சூத்திரம் இல்லாத ஒப்பந்தங்களில் கம்பியும் சீமெந்தும் இலாபத்தை மட்டுமல்ல, முதலையும் தின்றன. அதை எவராலும் நாட்காட்டியில் குறித்திருக்க முடியாது.

இப்போது நான் பதிவேட்டில் 'நடுத்தரம்', 'உயர்வு' என்று எழுதுவதில்லை. அத்திவாரத்தின் மேல் நிலமட்டத்தில் அமையும் கொங்கிறீற் வளை புரட்டாசி 15 க்குள் முடியாவிட்டால் தைவரை குழி வெட்டக்கூடாது என்று எழுதி, அதன் எதிரே முடிவெடுக்க வேண்டியவரின் பதவியையும் குறிக்கிறேன். கோடையில் தொடங்கினால் வேறு தலைவலி உண்டு: கச்சான் காற்றில் கொங்கிறீற் ஒரு நாளிலேயே வெளிறிவிடும், ஏழு நாட்கள் ஈரச்சாக்குப் போட்டு வைக்கப் பவுசரில்தான் தண்ணீர் வர வேண்டும். ஆனால் அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். இவ்வாண்டும் ஒரு வேலைக்கான கடிதம் ஆவணியில்தான் வந்தது; தைவரை காத்திருக்கலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன், நிதி திரும்பிப் போகும் என்று பதில் வந்திருக்கிறது.