தாத்தாவின் படை எண்

இரண்டாம் உலகப் போரில் இடது காலை இழந்து ஊர் திரும்பிய என் தாத்தாவின் ராணுவ ஆவணங்களைத் தேடும் வேலையை, அவருடைய மூத்த மகளான என் அத்தை கேட்டுக்கொண்டதன் பேரில்தான் தொடங்கினேன். "அப்பாவுக்கு எந்த ஊர்ல கால் போச்சுன்னு தெரியாமயே நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்குடா" என்று அவர் சொன்ன பிறகு, அதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தார் என்பது மட்டும் எங்களுக்கு உறுதியாகத் தெரியும். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடிகளை அகற்றுவதும் அந்தப் படையின் வேலை. அதன் வீரர்களை ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். பெயரும் ஊரும் போதும் என்று நம்பி நான் எழுதிய முதல் விண்ணப்பம், படை எண் இல்லாமல் எதையும் தேட முடியாது என்ற ஒற்றை வரியுடன் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. வீட்டில் இருந்த பத்திரங்களையும் ரேஷன் அட்டைகளையும் புரட்டியதில் இரண்டு மாதங்கள் வீணாயின.

எண் கிடைத்தது அவருடைய டிரங்க் பெட்டியில். அந்தக் காலச் சிப்பாய்கள் தங்கள் எண்ணையும் பெயரையும் பெட்டி மூடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிவைப்பது வழக்கம் என்று ஊரிலுள்ள ஒரு முன்னாள் ராணுவத்தினர் சொன்னார். எங்கள் பெட்டிக்கோ யாரோ எப்போதோ பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மூடியின் ஓரத்திலிருந்து மெல்லத் தேய்த்துக்கொண்டே வர, முதலில் ஓர் ஏழு தெரிந்தது. அரை மணி நேரத்தில் முழு எண்ணும், அதன் கீழே ஆங்கிலத்தில் தாத்தாவின் பெயரும் வெளிப்பட்டன. நாங்கள் எழுதும் எழுத்துக்கும் அதற்கும் இரண்டு எழுத்து வித்தியாசம் இருந்தது. இப்படித் தேடுபவர்கள் அன்றைய எழுத்தையே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். மாவட்டத்தின் பெயரிலும் அதே கவனம் தேவை: இன்று வேலூர் மாவட்டத்திலிருக்கும் எங்கள் ஊர், அவர் படையில் சேர்ந்தபோது வட ஆர்க்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா.

எண், பெயர், தகப்பனார் பெயர், பழைய தாலுகா ஆகியவற்றுடன் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்து, பெங்களூரிலுள்ள சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு அத்தையின் கையொப்பத்துடன் அனுப்பினேன். மூன்றாவது மாதம் பதில் வந்தது. விரிவான பணிப்பதிவான ஷீட் ரோல் இப்போது இல்லை. லாங் ரோல் என்னும் பேரேட்டில் அவருக்குரிய பதிவு மட்டும் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். சேர்ந்த ஆண்டு 1941, விடுவிக்கப்பட்டது 1945, காரணம் மருத்துவத் தகுதியின்மை. அவ்வளவுதான்.

ஊர் பெயர் அதில் இல்லை. ஆனால் பெட்டியின் அடியில், துணியில் முடிந்துவைத்திருந்த பதக்கங்களில் ஒன்றின் நாடாவில் நடுவே பச்சையும், இருபுறமும் வெள்ளையும் சிவப்பும் இருந்தன. அது இத்தாலிப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த இத்தாலி ஸ்டார். அவருடைய படையைச் சேர்ந்தவரும், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்துக்காரருமான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் சக வீரர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மீது விழுந்து உயிர்விட்டு, மறைவுக்குப் பின் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் பெற்றது அதே இத்தாலியில்தான். தாத்தா மிதித்ததும் கண்ணிவெடியைத்தான் என்பதை அவரே பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே அத்தையிடம் என்னால் நாட்டின் பெயரைத்தான் சொல்ல முடிந்தது, ஊரின் பெயரைச் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்டு வெகுநேரம் பேசாமலிருந்த அத்தை, பிறகு சொல்லத் தொடங்கினார். நான் தேடியலைந்த காகிதங்களில் இருந்ததைவிட அதிகம் அதில் இருந்தது.

பூனாவில் 1944-இல் தொடங்கப்பட்ட செயற்கை உறுப்பு மையத்தில்தான் தாத்தாவுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தேய்ந்தோ பட்டை அறுந்தோ போகும்போது, இலவசப் பயணத்துக்கான ரயில்வே வாரண்டுடன் அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ஏறி, குண்டக்கல், ராய்ச்சூர் வழியாகப் பூனா போய், புதுக் காலுடன் திரும்புவார். சித்திரை, வைகாசியில் வியர்வையால் முழங்காலுக்குக் கீழே புண் வைத்துவிடும். அந்த நாட்களில் காலைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து மடை திருப்பச் சொல்லிக்கொண்டிருப்பாராம். 'கட்டைக்கால்காரர்' என்று ஊரார் சொன்னதற்கு அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. பென்ஷன் வாங்கப் போகும் இடத்தில் கூடுதலாக நிற்கவைத்தால் மட்டும் கோபம் வந்துவிடும். பெண் கொடுக்கத் தயங்கிய பாட்டியின் வீட்டாரிடம், ஏர் பிடித்து ஒரு சால் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பதில் கேட்டாராம்.

1981-இல் அவர் இறந்தபோது செயற்கைக் காலை உடலோடு சேர்த்து எரிக்க வேண்டாம் என்று பாட்டி தடுத்திருக்கிறார். அது இப்போது அந்த டிரங்க் பெட்டியிலேயே, பதக்கங்களோடு இருக்கிறது. தோல்பட்டை வெடித்துவிடாமலிருக்க, ஆண்டுதோறும் தாத்தாவின் திதியன்று அத்தை அதை வெளியே எடுத்து விளக்கெண்ணெய் தடவி, பக்கிளை ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்.