ஒரு சென்டிபானுக்காக ஒரு மறுதேடல்

ஜனவரி 6

நான் எழுதும் சதுரங்க என்ஜினில் ஆல்ஃபா-பீட்டா (பயனில்லாத கிளைகளை வெட்டிவிட்டுத் தேடும் முறை) ஓட ஆரம்பித்துவிட்டது. நிலைக்கு 35 நகர்த்தல் என்று வைத்துக்கொண்டால், 6 ப்ளை (ஒரு பக்கத்தின் ஒரு நகர்த்தல் ஒரு ப்ளை) ஆழத்தில் 183 கோடிக்கும் மேல் கடைசி நிலைகள். நல்ல நகர்த்தலை முதலில் பார்க்கும்படி வரிசை கச்சிதமாக அமைந்தால் 85,749 போதும்; கணினி அறிஞர்கள் குனூத்தும் மூரும் 1975இலேயே இதை அலசிவிட்டார்கள். அதனால்தான் எல்லாரும் காயை வெட்டும் நகர்த்தல் முதலில், கில்லர் (பக்கத்துக் கிளையில் தேடலை வெட்ட உதவிய நகர்த்தல்) அடுத்து என்று வரிசையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். என்னை உறுத்துவது வேறு. நிலைக்கு என்ஜின் போடும் மதிப்பீட்டு எண் இவ்வளவு பொடியாக இருக்கத்தான் வேண்டுமா?

ஜனவரி 8

ஒரே ஒரு நிலையை எடுத்து லாக் போட்டுப் பார்த்தேன். முதல் நகர்த்தலுக்கு 23 சென்டிபான், அதாவது சிப்பாயின் மதிப்பில் நூற்றில் 23 பங்கு. பிவிஎஸ் முறையில் முதல் நகர்த்தலுக்கு மட்டும்தான் முழுத் தேடல்; மற்ற நகர்த்தல்களிடம் ஒரே கேள்விதான்: 23ஐத் தாண்டுவாயா? ஒரு குதிரை நகர்த்தல் மட்டும் ‘தாண்டுவேன்’ என்றது. உடனே சாளரத்தை (தேடும் மதிப்புகளின் எல்லையை) அகலத் திறந்து, அந்தக் கிளை முழுக்க மறுபடியும் தேடல். கடைசியில் வந்த விடை 24. சிப்பாயில் நூற்றில் ஒரு பங்குக்கு இத்தனை உழைப்பு! கத்தரிக்காய் நிறுக்க நகைக்கடைத் தராசு.

பத்தின் மடங்குக்கு இறக்கினால் 23, 24 இரண்டுமே 20. சமம் என்றால் தாண்டவில்லை என்று பொருள். கிளை அங்கேயே கழிந்துவிடும். பீட்டா (எதிராளி அனுமதிக்கும் மேல் வரம்பு) பக்கமும் அப்படியே: சமமாக வந்தாலே கிளை வெட்டுப்படும். எண் பொடியாகப் பொடியாகச் சமம் வருவது அபூர்வம்.

ஜனவரி 9

கணினிச் சதுரங்கத்தின் முன்னோடி ஷானன் 1950 கட்டுரையில் எழுதிய சூத்திரத்தில் சிப்பாய் 1, ராணி 9, இரட்டைச் சிப்பாய்க்கு அரை கழிவு, நகரக் கிடைக்கும் ஒவ்வொரு வழிக்கும் 0.1. அதற்குக் கீழே அவர் இறங்கவே இல்லை.

ஜனவரி 13

ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல சதுரங்க என்ஜினின் பழைய நிரலில் ‘கிரெயின்சைஸ்’ என்றே ஒரு மாறிலி உண்டு. மதிப்பை அதன் மடங்குக்கு இறக்கிவிடுவார்கள். நான் 16ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினேன். சி மொழியில் முழு எண் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி வெட்டும். அதனால் -15 முதல் 15 வரை எல்லாமே 0; மற்றப் பெட்டிகள் 16 எண் அகலம், இது மட்டும் 31. லேசான முன்னிலையும் லேசான பின்னடைவும் ஒரே குப்பையில். கீழ்நோக்கி இறக்கும்படி மாற்றியாச்சு.

எம்டிடி-எஃப் என்ற இன்னொரு தேடல் முறையை எழுதுபவர்களுக்கு இது இன்னும் கடுமை. அதில் எல்லாத் தேடலும் பூச்சிய அகலச் சாளரம்தான்: ‘இந்த எண்ணைத் தாண்டுமா?’ என்ற ஒரே கேள்வி. பொடி எண்ணாக இருந்தால் விடையைச் சுற்றிச்சுற்றி நெருங்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 19

ஆசைப்பட்டுப் பெட்டியின் அகலத்தை 50க்குக் கொண்டுபோனேன். பிராட்கோ-கோபெக்கின் 24 சோதனை நிலைகளிலும் ஓட்டியதில் நோடு (தேடிப் பார்த்த நிலை) எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. ஆனால் ஆட்டத்தில் யானை ஏ1க்கும் பி1க்கும் நடைபழகுகிறது. யானை சிப்பாய் இல்லாத திறந்த வரிசையில் நின்றால் நான் கொடுத்த 15 புள்ளி பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. என்ஜினுக்கு எல்லா நகர்த்தலும் ஒன்றுதான். வேகமாகத் தேடி எதையும் காணாத என்ஜின் எனக்கு வேண்டாம். 8 போதும். இனி நோடை எண்ணப் போவதில்லை. 8க்கும் 1க்கும் நேருக்கு நேர் ஆட்டம் விட்டிருக்கிறேன், இரு பக்கமும் ஒரே நேர அளவு.