குருணைச் செல்லின் தாய்வீடு

நவம்பர் 4
அத்தையின் நாக்கிலிருந்து எடுத்த துணுக்கைப் பார்த்தவர்கள் ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதில் மேல்தோல் மட்டுமே சிக்கியிருக்கிறது. அடியில் என்ன கிடக்கிறது என்று பாராமல் எப்படி எழுத மனம் வந்தது?

நவம்பர் 6
இம்முறை ஆழமாக எடுத்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து அந்தத் துணுக்கைப் பதித்த மெழுகு பிளாக்கைக் கைப்பையில் வைத்து நானே கொண்டுவந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோல் விரல்விரலாகக் கீழே இறங்கிப் புற்றைப் போலவே மிரட்டுகிறது. ஆனால் அதற்கடியில், ரவை அடைத்த பைகளைப் போல, வெளிறிய பெரிய செல்கள் நெருங்கி நிற்கின்றன. சர்க்கரைப் பொருள்களைச் சிவப்பாக்கும் பி.ஏ.எஸ். சாயம் போட்டால், கிளைகோஜனைக் கரைக்கும் டயஸ்டேஸ் நொதிக்குப் பிறகும் செல்களுக்குள் உள்ள குருணைகளின் சிவப்பு போகவில்லை.

நவம்பர் 7
குருணைச் செல் கட்டியாகத்தான் தெரிகிறது. 1926இல் ரஷ்ய நோயியல் மருத்துவர் அப்ரிகோசோவ் இதைத் தசையில் பிறந்த கட்டி என்றார். நாக்கே தசைதான், இந்தச் செல்களும் தசையிழைகளுக்கு நடுவில்தான் கிடக்கின்றன. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நரம்பிழைக்கு உறை போடும் ஸ்வான் செல்லே இதன் மூலம் என்பது பிற்பாடு தெளிந்த கணக்கு.

நவம்பர் 9
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். ஸ்வான் செல்களைப் பழுப்பாகக் காட்டும் எஸ்-100 சாயம் போட ஆள் வரவில்லை.

நவம்பர் 11
எஸ்-100 ஸ்லைடு வெளுப்பாக வந்தது. வாயில் எஸ்-100 ஏற்காத குருணைக் கட்டி என்றால் பெரும்பாலும், 1871இல் ஜெர்மானிய மருத்துவர் நாய்மன் விவரித்த, பச்சிளங்குழந்தையின் ஈறில் வருவது; அத்தைக்கோ வயது 58. அப்படியானால் இது எந்தச் செல் என்று ஒருமணி நேரம் குழம்பிய பிறகுதான் ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சிறு நரம்பைக் கண்டேன். கட்டாயம் பழுப்பேற வேண்டிய அதுவும் வெளுத்திருந்தது. பழுது சாயத்தில்தான், கட்டி இன்னும் வாயே திறக்கவில்லை.

நவம்பர் 12
“ஏம்மா, அந்தக் கட்டி நாக்குலயே பொறந்த உள்ளூரா, வேறெங்கயோ இருந்து வந்த வெளியூரா?” என்று அத்தை கேட்டார். “உள்ளூர்தான் அத்தை” என்று சொல்லிவிட்டேன். கையில் ஆதாரமில்லாமல் சொன்னது இரவெல்லாம் உறுத்தியது.

நவம்பர் 14
நரம்பும் பழுப்பு, கட்டியும் பழுப்பு. ஸ்வான் செல்தான்.
அது ஏன் இப்படிக் குருணை சுமக்கிறது என்பதற்கும் ஒரு விடை உண்டு: செல்லுக்குள் இருக்கும் சிறு பைகளில் அமிலம் ஏற்றும் பம்புக்குத் துணையான ஏடிபி6ஏபி1, ஏடிபி6ஏபி2 மரபணுக்களில் ஒன்று இக்கட்டிகள் பலவற்றில் பழுதாகியிருப்பது 2018இல் வெளியானது. அமிலம் குறைந்தால் செரிமானம் நிற்கும், குப்பை சேரும்.
ஆழத்து விளிம்பில் மட்டும், வெட்டிய இடம்வரை, தசையிழைகளுக்கிடையே அந்தச் செல்கள் தெரிகின்றன.

நவம்பர் 15
மீதியை எடுக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஒருநாள் காசிமேட்டு வஞ்சிரம் வேண்டுமாம்.