'சரிதான்' என்று சொன்னது சரியா?

"மடிச்சது சரிதானே அண்ணே?" என்று கேட்டான், நான் சீட்டுப் போடும் போக்கர் மேசையில் ஆடும் தம்பி. "சரிதான் தம்பி" என்றேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் உணவுக் கடையில், தே தாரேக் தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்ட பேச்சு. டீலர் வேலை பார்ப்பவன் ஆட்டக்காரனுக்கு அப்படிப் பதில் சொல்லலாமா என்பது தனிக் கேள்வி. மேசையில் நான் வாய் திறக்கவில்லை, ஆட்டம் முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். என்னை உறுத்துவது அந்தப் பதில்தான்.

பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகப் போடும் பணம், 5, 10 வெள்ளி (ரிங்கிட்). முதலில் பேச வேண்டிய பெரியவர் 40 வெள்ளிக்கு ரேஸ் செய்தார், அதாவது பந்தயத்தை ஏற்றினார். அவரிடம் மொத்தமே 280 வெள்ளிதான். நடுவில் இரண்டு பேர் அதே தொகையைப் போட்டுக் கால் செய்தார்கள், இருவர் முன்னாலும் ஆளுக்கு ஏறக்குறைய 1,000. பட்டன் எனும் இடத்தில் இருந்த தம்பியிடமும் அதே அளவு. அவன் மடித்தான், அதாவது பணம் போடாமல் சீட்டை விட்டுவிட்டான். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், கிங், ஒன்பது, நாலு விழுந்தது. அந்த இரண்டு பேரும் நாலாவது பொதுச் சீட்டான டர்னில் மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். மடித்த சீட்டைக் கவிழ்த்தபடியே எடுப்பதுதான் டீலரின் வேலை. அவன் கையில் இரண்டு நாலு, அதாவது நாலின் ஜோடி இருந்தது கடையில் அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஜோடியோடு ஃப்ளாப் பார்த்தால் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழுந்து செட் ஆவது நூறு தடவையில் ஏறக்குறைய 12 தடவைதான். ஏழரை தடவை தவறினால் ஒரு தடவை விழும். அதாவது 40 வெள்ளி போட்டுப் பார்க்கிறவன், விழும்போது சராசரியாக 300 வெள்ளியாவது எடுத்தால்தான் கணக்கு நேராகும். பெரியவர் ஒருவர் மட்டும் எதிரே இருந்திருந்தால் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 55, அவரிடம் மிச்சம் 240. ஒவ்வொரு முறையும் அவரை முழுசாகக் காலி செய்தாலும் 295தான். மடிப்பது சரி, பேச்சே இல்லை. "அவர்கிட்ட 280தானே இருந்துச்சு" என்று அவன் ஆரம்பித்ததும் இந்தக் கணக்குத்தான் என் தலையில் ஓடியது.

ஆனால் நடுவில் இரண்டு பேர் இருந்தார்கள். பாட் ஏற்கெனவே 135. செட் விழுந்தால் இன்னும் 165 தேற்றினால் போதும், அதைப் பெரியவரிடமே எடுக்கலாம். மற்ற இருவரிடம் இருப்பதோ ரேஸைப் போல 25 மடங்கு. பட்டனில் இருப்பதால் ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசலாம். நேரடி மேசையில் 40 வெள்ளிக்கு இப்படிக் கால் செய்கிறவர்கள் கிங் ஜோடி கிடைத்தால் லேசில் விடமாட்டார்கள். சின்ன ஜோடிக்கு இதைவிட நல்ல இடம் அமைவது அரிது. சின்ன ஜோடியோடு கால் செய்யுமுன், போடும் தொகையைப் போல 15 மடங்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்களே, அதை ரேஸ் செய்தவரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரோடும் தனித்தனியே பார்க்க வேண்டும், தான், அவர் என்ற இருவரில் யாரிடம் குறைவோ அந்தத் தொகையை வைத்து.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்மால் பிளைண்டில் (5 வெள்ளி போட்ட இடம்) இருந்து தம்பிக்குப் பிறகு பேச வேண்டியவர், இரண்டு கால் விழுந்தாலே 200க்கு ஏற்றுகிற ஆள். அவர் ஏற்றியிருந்தால் தம்பியின் 40 ஃப்ளாப்பையே பார்க்காமல் போயிருக்கும். நாலின் ஜோடி செட் ஆனாலும் பெரும்பாலும் சின்ன செட்தான். எதிராளிக்கு மூன்று ஒன்பது சேர்ந்திருந்தால் 1,000 வெள்ளியும் காலி. செட் விழுந்தும் யாரும் பணம் போடாத சுற்றுகள் நிறைய. 15 மடங்கு என்று கூட்டிக் கேட்பதே இதற்காகத்தான். ஆகவே மடித்தது பெரிய தப்பில்லை என்று சில இரவுகளில் எனக்குத் தோன்றும். மறுபடி 135ஐ வைத்துப் போட்டுப் பார்ப்பேன். கால் செய்திருக்க வேண்டும் என்றே வரும்.

ஃப்ளாப்பில் நாலு விழுந்ததால் இப்படிச் சொல்லவில்லை. விழாவிட்டாலும் கணக்கு இதுதான். ஆனால் அவன் கேட்டது கணக்கா? விழுந்த நாலைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாமல் கேட்டான். "ஃப்ளாப்பை மறந்துடு" என்று சொல்ல நினைத்துத்தான் 'சரிதான்' என்றேன். அவன் அதை அப்படி எடுத்துக்கொண்டிருக்க வழியில்லை. அடுத்த முறையும் மடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

இரண்டு வாரம் கழித்து என் மேசையில் உட்கார்ந்தான். 40க்கு ஒரு ரேஸ், மூன்று கால், அவன் பட்டனுக்கு முந்தைய இடமான கட்-ஆஃபில். சீட்டைத் தூக்கிப் பார்த்தான், என்னை ஒரு கணம் பார்த்தான், மடித்துத் தள்ளினான். அந்த இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே எடுத்து மற்றவற்றோடு சேர்த்தேன்.